கடிதம் அடிப்பதும் சிகிச்சையா?

அன்புள்ள சார்,

என் தங்கை இங்கிலாந்தில் மருத்துவச்சி. பக்தி அதிகம். கருக்கலைப்புக்கு மட்டும் வர மாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம், அதற்குச் சட்டமே இடம் கொடுக்கிறதாம். சம்பளம் வாங்கிக்கொண்டு ஒரு வேலையை மட்டும் மாட்டேன் என்றால் எப்படி?

ஆர்., நாகர்கோவில்

அன்புள்ள ஆர்.,

தங்கை சொல்வது சரிதான். அங்கே 1967ஆம் ஆண்டுக் கருக்கலைப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு அதற்கென்றே இருக்கிறது. மனசாட்சி ஒப்பாதவர் அந்தச் சிகிச்சையில் பங்கெடுக்க வேண்டாம். ஆனால் தாயின் உயிரைக் காப்பாற்றவோ, உடலுக்கோ மனத்துக்கோ நிரந்தரமான கடும் பாதிப்பைத் தடுக்கவோ என்றால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

வம்பு முழுக்க 'பங்கெடுப்பது' என்ற சொல்லில்தான். சால்ஃபோர்டில் ஒரு சுகாதார மையச் செயலாளர், கருக்கலைப்புக்குப் பரிந்துரைக்கும் கடிதத்தைத் தட்டச்சு செய்ய மறுத்தார். வேலை போனது. அப்போது அங்கே உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை வரை போய் 1988இல் தோற்றார்.

அப்புறம் கிளாஸ்கோ. பிரசவ வார்டை ஒருங்கிணைத்த இரண்டு கத்தோலிக்க மருத்துவச்சிகள். கருக்கலைப்பில் நேரடியாக ஈடுபட அவர்களை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அதைச் செய்கிற ஊழியர்களை மேற்பார்க்கவும் மாட்டோம் என்றார்கள். 2013இல் ஸ்காட்லாந்து மேல்முறையீட்டில் ஜெயித்தார்கள், 2014 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. அந்தத் தீர்ப்பில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. நீதிபதி லேடி ஹேல் அவர்களுடைய 13 வேலைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறார். மற்ற மருத்துவச்சிகளுக்கு இடைவேளை கிடைக்கிறதா என்று கவனிப்பது நிர்வாகம், அதை மறுக்க முடியாது. அந்த இடைவேளையில் ஒருங்கிணைப்பவரே போய், கருக்கலைப்பு செய்துகொள்ளும் பெண்ணின் பக்கத்தில் நிற்க வேண்டி வந்தால்? அப்போது மறுக்கலாம். ஒரு டீ குடிக்கிற நேரத்துக்குள் சட்டம் கோடு போட்டுவிடுகிறது! எனக்கு அந்தக் கோடு நியாயமாகவே படுகிறது.

மறுப்பவர், அந்த ஆட்சேபம் இல்லாத ஒருவரிடம் நோயாளியை அனுப்பிவைக்க வேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. இது இல்லாவிட்டால் என் பதிலே வேறாக இருந்திருக்கும். இத்தாலியில் 1978 முதல் இந்த உரிமை உண்டு. அங்கே மகப்பேறு மருத்துவர்களில் பாதிக்கும் மேல் மறுப்பவர்கள். பெண்கள் வேறு ஊர் மருத்துவமனையைத் தேடிப் போகிறார்கள். நம்முடைய 1971 கருக்கலைப்புச் சட்டத்திலோ இப்படி ஒரு பிரிவே கிடையாது.

தங்கையிடம் ஒன்று கேளுங்கள். மேலதிகாரியிடம் எழுத்தில் கொடுத்துவிட்டாரா? வழக்கு என்று வந்தால், மனசாட்சிதான் காரணம் என்று காட்ட வேண்டியவர் அவர்தான்.