வாசகர் கேள்வி: 60 அடி சாக்கடைக் குழாய்க்கு 2,40,000 ரூபாயா?

(சென்னையில் 31 வருடங்களாக வீட்டுக் கழிவுநீர்க் குழாய் வேலை எடுத்துச் செய்பவர் பதில் சொல்கிறார்)

எங்கள் வீடு 1974-ல் மாமனார் கட்டியது. பின்கட்டுக் கழிவறையிலிருந்து வாசல் கேட் வரை 60 அடிக்குப் பழைய மண் குழாய் போகிறது. இரண்டு வருடமாக மாதம் ஒரு தடவை அடைத்துக்கொள்கிறது. ஆள் வந்து மூங்கில் பிளாச்சு விட்டுக் குத்தி 1,500 ரூபாய் வாங்கிப் போகிறார். இப்போது ஒரு கான்டிராக்டர் எல்லாவற்றையும் மாற்ற 2,40,000 கேட்கிறார். கொடுக்கலாமா?
வாசகி, மேற்கு மாம்பலம்

அம்மா, பணத்தை அப்புறம் பேசுவோம். அடுத்த தடவை அடைக்கும்போது பிளாச்சுக்காரரைக் கூப்பிடுவதற்கு முன்னால், வாசலிலிருந்து பின்கட்டு வரை எல்லா சேம்பர் (குழாய்கள் வந்து சேரும் செங்கல் தொட்டி) மூடியையும் திறக்கச் சொல்லிப் பாருங்கள். மேலே நின்று பார்த்தால் போதும். கேட்டருகே இருக்கும் கடைசி சேம்பரும் ரொம்பி நிற்கிறது என்றால் அடைப்பு உங்கள் வீட்டில் இல்லை, தெருவில் இருக்கிறது. சென்னைக் குடிநீர் வாரியத்தின் 1916-க்குப் போன் செய்து புகார் எண் வாங்குங்கள். அந்த அடைப்பை எடுப்பது அவர்கள் பொறுப்பு, அதற்கு உங்கள் கைக்காசு போக வேண்டியதில்லை. கடைசி சேம்பர் காலியாக, பின்கட்டு சேம்பர் மட்டும் ரொம்பி நின்றால் பழுது உங்களுடையது. ரொம்பியதற்கும் காலியானதற்கும் நடுவில் இருக்கும் துண்டுதான் குற்றவாளி.

மாதம் தவறாமல் அடைக்கிறது என்கிறீர்கள். மண் குழாய் வேறு. மரம் ஏதாவது பக்கத்தில் இருக்கிறதா? அந்தக் காலத்து மண் குழாயை இரண்டடிக்கு ஒன்றாகச் செருகி, இடுக்கில் சணல் திணித்து, சிமென்ட் கலவை பூசுவார்கள். ஐம்பது வருடத்தில் அந்தச் சிமென்ட் விரிசல் விடாமல் இருக்காது. வேருக்கு ஒரு மயிரிழை வழி போதும். போன வருடம் அசோக் நகரில் ஒரு வீட்டில் குழாயை உடைத்தபோது உள்ளிருந்து ஒரு வேரை உருவினோம். நாலரை அடி நீளம், குதிரை வால் மாதிரி. நுனியெல்லாம் நூல் நூலாகப் பிரிந்து அதில் தலைமுடி, துணிக் கிழிசல், இறுகிப்போன எண்ணெய்க் கசடு எல்லாம் சுற்றிக்கொண்டிருந்தது. வேர் உள்ளே வந்த துளையில் என் சுண்டுவிரல் நுழையவில்லை. பிளாச்சு விட்டுக் குத்தும்போது இந்த வேரின் நடுவில் ஓட்டை விழுந்து தண்ணீர் போய்விடும். வேர் அங்கேயேதான் இருக்கும். மறுபடி ஒரு மாதத்தில் அதன்மேல் எல்லாம் வந்து ஒட்டிக்கொள்ளும். உங்கள் இரண்டு வருடத்துப் பணம், 36,000 ரூபாய், அப்படித்தான் போயிருக்கிறது என்று நினைக்கிறேன்.

இப்போது குழாய்க்குள் விடும் சின்ன கேமரா வைத்திருப்பவர்கள் நகரத்தில் இருக்கிறார்கள். ஒரு தடவை விட்டுப் பார்த்துவிடுங்கள். தோண்டுவதற்கு முன் அந்தச் செலவு நல்ல செலவு.

பழுது ஒரு துண்டில்தான் என்று தெரிந்தாலும் உடைந்த இரண்டடியை மட்டும் மாற்றாதீர்கள். ஒரு சேம்பரிலிருந்து அடுத்த சேம்பர் வரை முழுசாக மாற்றுங்கள். நடுவழியில் மண் குழாயையும் பி.வி.சி.யையும் ஒட்டினால் அந்த ஒட்டுதான் அடுத்த பழுது. பி.வி.சி. வழவழப்பில் சிமென்ட் பிடிக்காது. சேம்பர் சுவரில் குழாய் நுழையும் இடத்திலும் இதே தொல்லை உண்டு. அங்கே குழாயின் முனையில் சால்வென்ட் (பி.வி.சி. ஒட்டும் பசை) தடவி, ஈரம் காய்வதற்குள் மணலைத் தூவிச் சொரசொரப்பாக்கி, அது காய்ந்தபின் கலவை வைக்க வேண்டும். உங்கள் ஆள் இதைச் செய்கிறாரா என்று பாருங்கள். செய்தால் வேலை தெரிந்தவர்.

சரி, பணம். இதே 60 அடி, இதே மாதிரி பழைய வீடு ஒன்றை மூன்று மாதம் முன்பு முடித்தேன். அந்தக் கணக்கைச் சொல்கிறேன். ஆறு அங்குலக் குழாய் ஏழு, 13,650 ரூபாய். குழாயைத் திருப்பும் பெண்டு, கிளை சேர்க்கும் ஒய், ரப்பர் வளையம் வகையில் 6,200. செங்கல் சேம்பர் நான்கு, மூடியோடு 30,000. தோண்ட நாலு பேர் நாலு நாள், 15,200. பிளம்பரும் உதவியாளும் மூன்று நாள், 6,900. குழாய்க்கு அடியிலும் மேலேயும் போட எம்-சாண்ட் 6,300. இடிபாடு அள்ள 7,000. தரையைப் பழையபடி போட 13,200. ஆக 98,450. என் மேற்பார்வைக் கூலியோடு 1,10,000 சொச்சம். உங்கள் தரையில் கிரானைட் இருந்தால், சந்து குறுகலாக இருந்தால், குழாய் நாலடிக்குக் கீழே இருந்தால் ஏறும். அப்படியும் 2,40,000 எனக்கு அதிகமாகத்தான் படுகிறது. ஒரே தொகையாக எழுதியதை ஏற்காமல், நான் சொன்ன மாதிரி பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள்.

அந்தக் கணக்கில் ஒன்றைக் கவனித்தீர்களா? குழாயின் விலை மொத்தத்தில் எட்டில் ஒரு பங்குதான். அதில் போய் ஆயிரம் இரண்டாயிரம் மிச்சம் பிடிக்காதீர்கள். மண்ணுக்கடியில் போட ஐ.எஸ். 15328 என்று இந்தியத் தர எண் அச்சடித்த குழாய் கேளுங்கள். உங்கள் ஆள் எஸ்.டபிள்யூ.ஆர். (வீட்டுக் கழிவுநீர், மழைநீருக்கான பி.வி.சி.) குழாய்தான் போடுவேன் என்றால் ஐ.எஸ். 13592-ல் டைப் பி கேளுங்கள். டைப் ஏ மழைநீருக்கு உரியது, சுவர் மெல்லிசு.

எல்லாவற்றையும் விட முக்கியம் வாட்டம். கழிவறையிலிருந்து முதல் சேம்பர் வரை நாலு அங்குலக் குழாய், 40 அடிக்கு ஓரடி இறக்கம். சேம்பருக்குச் சேம்பர் ஆறு அங்குலம், 60 அடிக்கு ஓரடி இறக்கம். உங்கள் வீட்டில் முழுக்க நாலு அங்குலம் போட்டால் ஒன்றரை அடி இறங்க வேண்டும். ஆறு அங்குலத்துக்கு ஓரடி போதும். பழைய மாம்பலம் மாதிரி தெரு உயர்ந்து வீடு பள்ளமாகிப் போன இடத்தில் அந்த அரை அடி பெரிய விஷயம்.

இதைச் சொல்லும்போது எனக்கு ஒரு வீடு ஞாபகம் வராமல் இருக்காது. 1998, நங்கநல்லூர். கொத்தனார் கண்ணளவில் சரியாக இருக்கிறது என்றார், நானும் நம்பிவிட்டேன். மண்ணைச் சரியாகக் கெட்டிப்படுத்தாமல் குழாயைப் பதித்ததால் நடுவில் முக்கால் அங்குலம் தொய்ந்துவிட்டது. ஆறே மாதத்தில் அந்தத் தொய்வில் கசடு தங்கி அடைத்தது. புதுசாகப் போட்ட தரையை என் செலவில் உடைத்துத் திருப்பிப் போட்டேன். அந்த வீட்டு அம்மா ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை, அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது. அன்றிலிருந்து டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் கண்ணாடி மாதிரியான டியூப்) வைத்து ஒவ்வொரு குழாய்க்கும் மட்டம் பார்க்காமல் மண் தள்ள விடுவதில்லை. நீங்களும் விடாதீர்கள். மூடுவதற்கு முன் மேல் சேம்பரில் ஒரு ரப்பர் பந்தைப் போட்டு ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். பந்து நிற்காமல் கீழ் சேம்பருக்கு வர வேண்டும். அப்புறம் கீழ் முனையைத் துணிப்பந்தால் அடைத்து, குழாய் நிறையத் தண்ணீர் கட்டி, மேல் முனையில் தண்ணீர் நிற்கும் மட்டத்தில் கோடு போட்டு அரை மணி நேரம் பாருங்கள். தண்ணீர் கோட்டுக்குக் கீழே இறங்கினால் ஒட்டில் கசிகிறது.

கேட்டுக்கு வெளியே தெருவில் உங்கள் ஆளைத் தோண்ட விடாதீர்கள். அதற்கு வாரியத்தில் விண்ணப்பிக்க வேண்டும், சாலை வெட்ட அனுமதியும் வேண்டும். கடைசியாக, மொட்டைமாடி மழைநீர்க் குழாய் சாக்கடை சேம்பரில் விழுகிறதா என்று இந்த வேலையோடு பார்த்துப் பிரித்துவிடுங்கள். மழை நாளில் தெருவெல்லாம் பொங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். 2003 முதல் எல்லா வீட்டிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம், அந்தத் தண்ணீர் போக வேண்டிய இடம் அதுதான்.

எங்கள் 12 வீட்டு அடுக்ககத்தில் கழிவுநீர்த் தொட்டி 8 அடி ஆழம். அடியில் சகதி கட்டிவிட்டது. உள்ளே இறங்கி அள்ள ஒருவர் 2,000 ரூபாய்க்கு வருவதாகச் சொல்கிறார். லாரி கூப்பிட்டால் அதைவிட அதிகம். சங்கத்தில் இரண்டு கருத்தாக இருக்கிறது.
வாசகர், பெரம்பூர்

ஐயா, இதில் இரண்டு கருத்துக்கு இடமே இல்லை. யாரையும் இறக்காதீர்கள். அவரே கெஞ்சிக் கேட்டாலும் இறக்காதீர்கள்.

அந்தச் சகதியைக் கிளறினால் ஹைட்ரஜன் சல்பைடு வரும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் தெரியும். அளவு கூடியதும் மூக்கு மரத்து அந்த நாற்றமே தெரியாமல் போகும். நாற்றம் போய்விட்டது என்று நினைத்து இன்னும் குனிவார். அடுத்த சில மூச்சில் விழுந்துவிடுவார். அவரைத் தூக்க இன்னொருவர் இறங்குவார், அவரும் வரமாட்டார். ஒரே தொட்டியில் இரண்டு பேர், மூன்று பேர் போன செய்திகளை நீங்களும் படித்திருப்பீர்கள்.

2013-ம் வருடத்துச் சட்டப்படி இப்படி ஆளை இறக்குவது குற்றம். முதல் தடவைக்கே இரண்டு வருடம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். ‘அவராகத்தான் இறங்கினார்’ என்று சொல்லித் தப்பிக்கலாம் என்று சங்கம் நினைக்க வேண்டாம். சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் இழப்பீடு தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தப் பணம் ஒரு பிள்ளைக்கு அப்பாவைத் திருப்பித் தராது.

உறிஞ்சும் லாரியைக் கூப்பிடுங்கள். கெட்டியாக இருந்தால் தண்ணீரைப் பீய்ச்சிக் கரைத்து உறிஞ்சும் வண்டி உண்டு. செலவைப் பன்னிரண்டால் வகுத்தால் ஒரு வீட்டுக்கு எவ்வளவு வந்துவிடப் போகிறது? மூடியைத் திறந்து வைத்திருக்கும்போது குழந்தைகளை மட்டுமல்ல, எட்டிப் பார்க்கும் பெரியவர்களையும் தள்ளி நிறுத்துங்கள்.

தெருவில் புதிதாகப் பாதாளச் சாக்கடை வந்துவிட்டது. இருக்கிற செப்டிக் டேங்கிலிருந்தே ஒரு குழாய் போட்டு இணைத்தால் செலவு மிச்சம் என்கிறார் பிளம்பர்.
வாசகர், மடிப்பாக்கம்

செலவு மிச்சம்தான், ஆனால் டேங்க்கைக் காலத்துக்கும் சுத்தம் செய்துகொண்டே இருப்பீர்கள். டேங்க்குக்கு முன்னாலேயே ஒரு சேம்பர் கட்டி, அங்கிருந்து நேராகக் கேட்டுக்குக் குழாய் போடுங்கள். டேங்க்கை லாரி வைத்துக் காலி செய்து, கழுவி, அடித்தளத்தில் இரண்டு மூன்று இடத்தில் வெளியிலிருந்தே கடப்பாரையால் ஓட்டை போட்டு, மணல் கொட்டி மூடிவிடுங்கள். வெற்றுக் குழியாக விட்டால் ஒரு நாள் மேல் பலகை உட்காரும். தோண்டுவதற்கு முன் தெரு மேன்ஹோலில் குழாயின் அடிமட்டம் எத்தனை அடியில் இருக்கிறது என்று வாரியப் பொறியாளரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். தெரு மட்டத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டால் தப்பாகிவிடும்.

வீட்டில் 82 வயது அம்மா இருக்கிறார். குழாய் மாற்றும் நாட்களில் கழிவறைக்கு என்ன செய்வது? எந்த மாதம் நல்லது?
வாசகி, ஆதம்பாக்கம்

பிப்ரவரியிலிருந்து மே வரை. நிலத்தடி நீர் இறங்கியிருக்கும், பள்ளத்தில் ஊற்று வராது, மண் சரியாது. அக்டோபருக்கு மேல் ஆரம்பிக்காதீர்கள். பருவமழை சமயத்தில் சாலை வெட்டவும் மாநகராட்சி வழக்கமாக அனுமதிப்பதில்லை.

வேலை ஏழெட்டு நாள் ஆனாலும் கழிவறை இல்லாமல் இருக்க வேண்டியது இரண்டு நாள்தான், அதையும் திட்டமிட்டால் குறைக்கலாம். பழைய குழாய்க்குப் பக்கத்தில் ஓரடி தள்ளிப் புதுப் பள்ளம் எடுக்கச் சொல்லுங்கள். பழையது ஓடிக்கொண்டிருக்கும்போதே புதுசு முழுக்கப் போட்டு, சேம்பர் கட்டி, பூச்சு காய்ந்தபின் கழிவறை இணைப்பை மட்டும் ஒரு காலையில் மாற்றிவிடலாம். சந்தில் இடமில்லை என்றால் மட்டும் இது நடக்காது. அப்போது அம்மாவுக்குக் கம்மோடு நாற்காலி ஒன்றை நாலு நாள் முன்னதாகவே வாங்கி வைத்துப் பழக்குங்கள். பள்ளத்தைத் தாண்டி வாசலுக்கு வர, இரண்டு பக்கமும் கைப்பிடிக் கயிறு கட்டிய அகலப் பலகை ஒன்றைப் போடச் சொல்லுங்கள். ராத்திரி அதன்மேல் ஒரு பல்பு எரியட்டும்.