சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வாடகை வீடு: வட்டாரவாசிகள் கேட்டவையும் பதில்களும்

ஈசூன்: அக்கா, எங்கள் வீட்டு வருமானம் 1,650 வெள்ளி. 1,500 வெள்ளி வருமான வரம்பைத் தாண்டிவிட்டதே, விண்ணப்பிக்க முடியாதா?

விண்ணப்பியுங்கள். 1,500ஐ வீவக கறாராகப் பார்ப்பதில்லை. தலைக்கு எவ்வளவு வருகிறது என்றும் பார்க்கிறது. ஐந்து பேர் என்றால் உங்களுக்குத் தலைக்கு 330 வெள்ளிதான். வீட்டில் இருக்கும் எல்லாரையும் விண்ணப்பத்தில் சேருங்கள். சம்பளம் மாதாமாதம் மாறினால், ஓவர்டைம் அதிகம் பார்த்த ஒரு மாதச் சீட்டை மட்டும் நீட்டாதீர்கள்.

தோ பாயோ: வீட்டை விற்றுக் கடனை அடைத்துவிட்டு வாடகை வீட்டுக்குப் போகலாம் என்றிருக்கிறோம்.

அவசரப்படாதீர்கள். விற்பனை சட்டப்படி முடிந்த நாளிலிருந்து 30 மாதம் வாடகை வீடு கிடைக்காது. அதுவரை வெளிச்சந்தையில் வாடகை கொடுத்தே கைக்காசு கரைந்துவிடும். தவணைதான் பிரச்சினை என்றால், விற்பதற்கு முன் வீவக கிளை அலுவலகத்தில் பேசுங்கள்.

பூன் லே: வாடகையை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? பக்கத்து வீட்டுக்காரர் எங்களைவிடக் குறைவாகக் கட்டுகிறார்.

வருமானம், வீட்டின் அளவு, முன்பு வீட்டு மானியம் பெற்றீர்களா என்பது. இந்த மூன்றும்தான். மானியம் பெறாதவருக்கு, வருமானம் 800 வெள்ளி வரை என்றால் ஓரறை வீடு 26 முதல் 33 வெள்ளி, ஈரறை 44 முதல் 75. வருமானம் 801 முதல் 1,500 வரை என்றால் ஓரறை 90 முதல் 123, ஈரறை 123 முதல் 165. ஏற்கெனவே மானியம் பெற்றவருக்கு எல்லாமே ஒரு படி மேலே. வருமானம் 801 முதல் 1,500 வரை உள்ள மேல்வரிசையில் ஈரறைக்கு 205 முதல் 275 வரை போகும். பக்கத்து வீட்டுக்காரர் மானியம் பெறாத முதல்முறைக்காரராக இருக்கலாம். நகர மன்றத்தின் பராமரிப்புக் கட்டணம் இதில் சேராது.

செங்காங்: அந்த 1,500ஐ உயர்த்தினால் என்ன? இந்தக் காலத்தில் அது ஒரு சம்பளமா?

நியாயமான கேள்வி. 2003இல் 800ஆக இருந்ததை 1,500 ஆக்கினார்கள். படிப்படியான சம்பள உயர்வு முறையில் துப்புரவாளரின் அடிப்படைச் சம்பளம் 2023 ஜூலையிலேயே 1,570 ஆகிவிட்டது. முழுநேரம் கூட்டித் துடைக்கும் ஒரே ஆள் அந்த வரம்பைத் தாண்டிவிடுகிறார். தலைக்கணக்கு பார்ப்பது நல்லதுதான், ஆனால் எண்ணைப் பார்த்ததும் பயந்து விண்ணப்பிக்காமல் போகிறவருக்கு அது எப்படித் தெரியும்?

புக்கிட் மேரா: வரம்பை உயர்த்தினால் வரிசைதான் நீளும், அக்கா. உண்மையில் கதியில்லாதவர் பின்னால் தள்ளப்படுவார்.

அதையும் மறுக்கவில்லை. அதனால்தான் வரம்பை மட்டும் உயர்த்துங்கள் என்று நான் சொல்வதில்லை. என் சண்டை அட்டவணையின் படிகளோடு. வருமானம் 800இலிருந்து 801 ஆனால், ஈரறைக்காரரின் வாடகை குறைந்தது 48 வெள்ளி ஏறும் என்பதுதான் காகிதத்தில் உள்ள கணக்கு. ஒப்பந்தம் இரண்டாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும்போது இதெல்லாம் பார்க்கப்படும். கூடுதல் ஷிஃப்ட் வேண்டாம் என்று ஒருவர் சொன்னால், அவரைச் சோம்பேறி என்று எப்படிச் சொல்வது? வருமானம் கூடுகிற விகிதத்தில் வாடகையும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறட்டும்.

செங்காங்: அப்படியென்றால் யாருமே வெளியேற மாட்டார்களே!

வெளியேற வைப்பது வாடகை அல்ல, சொந்த வீட்டுக்கான முன்பணம். குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான காம்லிங்க் பிளஸ் உதவித் திட்டத்தில் சேர்ந்த குடும்பம் தானாக மத்திய சேமநிதியில் (மசேநிதி) ஒரு வெள்ளி போட்டால் இரண்டு வெள்ளி சேர்க்கிறார்கள், மொத்தம் 30,000 வரை. வீடு வாங்கக் கொடுக்கும் கூடுதல் வீட்டு மானியம் 2024 ஆகஸ்ட் முதல் 120,000 வரை. இந்த மானியத்துக்குப் பலர் தவறுவது ஒரே இடத்தில்தான்: விண்ணப்பத்துக்கு முந்தைய 12 மாதம் தொடர்ந்து வேலை பார்த்திருக்க வேண்டும். இடையில் வேலையை விட்டால் கணக்கு முதலிலிருந்து. சம்பளம் ரொக்கமாக வாங்கி மசேநிதிப் பதிவே இல்லாதவருக்கு நிரூபிப்பதே பெரும்பாடு.

உட்லண்ட்ஸ்: வீட்டை விற்ற பணத்தை மகனிடம் கொடுத்துவிட்டோம். இப்போதாவது வாடகை வீடு கிடைக்குமா?

தோ பாயோவுக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள். பணம் யார் கையில் இருந்தாலும் 30 மாதம் 30 மாதம்தான். மகனால் உங்களை வைத்துக்கொள்ள முடியுமா என்றும் கேட்பார்கள்.

கேலாங்: வாடகை வீட்டில் ஓர் அறையை நண்பருக்கு விடலாமா?

கூடாது. ஒப்பந்தம் ரத்தாகும்.

பிடோக்: தனியார் வீட்டுக்காரர் முன்பணத்தைத் திருப்பித் தரவில்லை.

இது என் துறை இல்லை. ஒப்பந்தம் இரண்டாண்டுக்கு மிகாததென்றால் சிறு உரிமைக்கோரல் நடுவர் மன்றத்துக்குப் போங்கள்.

அங் மோ கியோ: 58 வயது, தனியாள். சேர்ந்து இருக்க ஆள் கிடைக்கவில்லை.

ஆள் தேடி அலையத் தேவையில்லை. தனியாட்கள் பகிர்ந்து தங்கும் வாடகை வீடுகளை ஓர் அமைப்பு (நடத்துநர்) பார்த்துக்கொள்ளும் முறை 2021 டிசம்பரில் தொடங்கியது; அதில் தனியாகவே விண்ணப்பிக்கலாம். உடன் இருப்பவரை நடத்துநரே பொருத்துவார். புகைபிடிப்பீர்களா, இரவு ஷிஃப்டா என்பதை அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.