நீச்சல் குளம் கவுன்சிலுடையது. சத்தத்தைப் பற்றி யாரிடம் முறையிடுவது?

கேள்வி: இங்கிலாந்தில், கவுன்சிலின் (உள்ளாட்சி மன்றத்தின்) நீச்சல் குளத்தை ஒட்டிய கட்டடத்தில் வாடகைக்கு இருக்கிறோம். குளத்தின் பம்புகள் விடியுமுன்பே இரையத் தொடங்கிவிடுகின்றன. படுக்கையறைச் சுவரில் ஓதம் ஏறிக் கரும்பூஞ்சை படர்கிறது. கவுன்சிலுக்கு எழுதினால் "விசாரிக்கிறோம்" என்று மட்டும் பதில் வருகிறது. வாடகையை நிறுத்திவிடலாமா?

பதில்: வேண்டாம். பாக்கி சேர்ந்தால், வீட்டைக் காலி செய்யக் கேட்பதற்கான காரணத்தை வீட்டுக்காரர் கையில் நீங்களே கொடுத்ததாகிவிடும்.

சத்தத்தையும் ஓதத்தையும் ஒரே கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். இரண்டுக்கும் சட்டம் வேறு, பொறுப்பாளியும் வேறு. இனி தனித்தனியாக எழுதுங்கள்.

ஓதம் சுலபமான பக்கம். 2004-ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டப்படி கவுன்சிலின் சுற்றுச்சூழல் சுகாதார அலுவலர் வீட்டைப் பார்வையிட்டு, அதை முதல் வகை (அதாவது கடுமையான) அபாயம் என்று மதிப்பிட்டால், கவுன்சில் நடவடிக்கை எடுத்தே ஆக வேண்டும். இரண்டாம் வகை என்றால் எடுக்கலாம், எடுக்காமலும் விடலாம். வீட்டுக்காரருக்கு இப்போதே எழுத்தில் தெரிவியுங்கள். வாய்ப்பேச்சுக்கு நீதிமன்றத்தில் மதிப்புக் குறைவு. குடியிருக்கத் தகுதியற்ற வீடு என்று அவர்மீது நீங்களே வழக்குப் போடவும் 2018-ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்கிறது.

சத்தம்தான் சிக்கல். 1990-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் 79-ஆம் பிரிவு, புகார் வந்தால் விசாரிக்கும் கடமையைக் கவுன்சிலுக்குத் தருகிறது. தொல்லை உண்மை என்று தெரிந்தால் 80-ஆம் பிரிவில், தொல்லையை நிறுத்தச் சொல்லும் தடுப்பு நோட்டீஸ் அனுப்ப வேண்டும். ஆனால் கவுன்சில் தனக்குத்தானே நோட்டீஸ் கொடுத்துக்கொள்ள முடியாது! ஆகவே முதலில் குளத்தை நடத்துவது யார் என்று கேளுங்கள். பல ஊர்களில் கட்டடம் கவுன்சிலுடையது, நடத்துவது ஓர் அறக்கட்டளை அல்லது ஒப்பந்த நிறுவனம். அப்படியானால் அவர்களுக்கு நோட்டீஸ் போகலாம். தகவல் சுதந்திரச் சட்டத்தில் கேட்டால் பொதுவாக 20 வேலை நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.

கவுன்சிலே நடத்துகிறது என்றால் அதே 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 82-ஆம் பிரிவுதான் உங்கள் ஆயுதம். பாதிக்கப்பட்டவர் நேரடியாக மாஜிஸ்திரேட் நீதிமன்றம் போகலாம். சத்தத்துக்குக் குறைந்தது 3 நாள் முன்னறிவிப்பு எழுத்தில் தர வேண்டும். நீங்கள் நீதிமன்றத்தில் புகார் கொடுத்த நாளில் தொல்லை இருந்தது என்று நிரூபித்தால், விசாரணைக்கு முன்பே பம்பைச் சரிசெய்துவிட்டாலும் உங்களுக்கு நியாயமான செலவைத் தரும்படி நீதிமன்றம் உத்தரவிடும். இந்த விதி தெரிந்த கவுன்சில் வழக்கறிஞர்கள் முன்னறிவிப்பு வந்ததும் சுறுசுறுப்பாகிவிடுவதுண்டு. ஆனாலும் இது குற்றவியல் நடவடிக்கை. ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது. 'செய்யக்கூடிய சிறந்த ஏற்பாடுகளைச் செய்துவிட்டோம்' என்ற எதிர்வாதம் தொழில், வணிக இடங்களுக்கு உண்டு என்பதையும் எதிர்பாருங்கள்.

அதனால் இன்றிலிருந்து குறிப்பேடு எழுதுங்கள்: தேதி, தொடங்கிய நேரம், நின்ற நேரம், எந்த அறையில் கேட்டது, யார் விழித்தார்கள். "தாங்க முடியவில்லை" என்று எழுதுவதைவிட "4.10 முதல் 6.40 வரை, குழந்தை இரண்டு முறை எழுந்தாள்" என்று எழுதுவது வலுவானது. பக்கத்து வீட்டாரும் தனியே எழுதினால் இன்னும் நல்லது.

விசாரணை இழுத்துக்கொண்டே போனால் கவுன்சிலின் உள்முறையீட்டை முடித்துவிட்டு உள்ளாட்சி ஆம்புட்ஸ்மனிடம் (கவுன்சில்கள் மீதான புகார்களை விசாரிக்கும் சுதந்திர அமைப்பிடம்) போகலாம். பிரச்சினை தெரிந்த நாளிலிருந்து 12 மாதங்களுக்குள் போவதே வழக்கமான வரம்பு. கட்டணம் கிடையாது.