காவலரின் உடல் கேமராப் பதிவில் தொடக்க ஒலி இல்லாதது குறித்து

வணக்கம். காவலர் உங்களைத் தடுத்து விசாரித்த காணொளியின் முதல் அரை நிமிடத்தில் ஒலியே இல்லை, வேண்டுமென்றே அழித்துவிட்டார்களோ என்று கேட்டிருந்தீர்கள். அப்படி உடனே முடிவுகட்ட வேண்டாம். உடலில் அணியும் கேமராக்கள் பல, பதிவுப் பொத்தானை அழுத்துவதற்கு முந்தைய சில நொடிகளை, பெரும்பாலும் 30 நொடிகளை, ஒலியின்றிச் சேமிக்கும்படி அமைக்கப்பட்டவை. நடுவில் ஒலி அறுந்திருந்தால்தான் விடவே கூடாது. கோப்பை யார், எப்போது திறந்தார்கள் என்பதைக் காட்டும் தணிக்கைப் பதிவையும், உடனிருந்த காவலர்களின் காணொளிகளையும் எழுத்துபூர்வமாகக் கேளுங்கள்; மார்பில் மாட்டிய கேமரா, நெருங்கி நிற்பவரின் சட்டையை மட்டுமே காட்டக்கூடும். குறித்த காலம் கடந்ததும் காணொளிகளை அழித்துவிடுவது வழக்கம் ஆகையால், நாள், நேரம், இடம், காவலரின் அடையாள எண் ஆகியவற்றோடு, அழிக்காமல் பாதுகாக்கும்படி கோரும் கடிதத்தை இன்றே கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையை வாங்கி வையுங்கள்.