சிங்குவே தெர்ரே: சைவ அம்மாவுக்கு உணவு

வணக்கம். இத்தாலியின் ஜெனோவா நகரிலிருந்து சிங்குவே தெர்ரே என்ற ஐந்து கடலோரச் சிற்றூர்களுக்குச் செல்கிறீர்கள், உடன் வரும் அம்மா சுத்த சைவம், "கடற்கரை ஊரில் மீனைத் தவிர என்ன கிடைக்கும்?" என்று கேட்டிருந்தீர்கள். கவலையே வேண்டாம். இவ்வூர்கள் எல்லாம் இருக்கும் லிகுரியா பகுதி அளவுக்குச் சைவருக்கு இணக்கமான கடற்கரை இத்தாலியில் குறைவு என்பேன்.

முதலில் ஃபரினாத்தா. கொண்டைக்கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு, அவ்வளவுதான். அகன்ற செப்புத் தட்டில் ஊற்றி விறகு அடுப்பில் சுடுகிறார்கள். ஓரம் மொறுமொறுப்பாகவும் நடுவில் மெத்தென்றும் இருக்கும். கடலைமாவு பழகிய நாக்குக்கு அந்நியமாகவே தோன்றாது. ஜெனோவாவின் பழைய நகரில் 'சா பெஸ்தா' இதற்குப் பேர்பெற்ற கடை. சூடு ஆறுவதற்குள் சாப்பிட்டுவிடுங்கள்!

ஜெனோவாவிலிருந்து சிங்குவே தெர்ரே செல்லும் ரயில் பாதையில் ரெக்கோ என்ற ஊர் வரும். அவசியம் இறங்குங்கள். ஈஸ்ட் சேர்க்காத, காகிதம்போல் மெல்லிய இரண்டு மாவுத் தகடுகளுக்கு நடுவே இளம் பாலாடைக்கட்டி உருகி வழியும் ஃபொக்காச்சா என்ற தட்டை ரொட்டி அந்த ஊரின் பெருமை. 1885 முதல் இருக்கும் 'மனுவெலினா' உணவகம் அங்கேதான்.

ஓர் எச்சரிக்கை: பெஸ்டோ என்ற பச்சை இலைச் சட்னியில் சேரும் பார்மிஜானோ பாலாடைக்கட்டியைக் கன்றின் இரைப்பை நொதியால் உறைய வைக்கிறார்கள். அம்மாவுக்கு அது ஆகாதென்றால் பாலாடைக்கட்டி உணவு ஒவ்வொன்றிலும் முன்பே விசாரியுங்கள். "சென்சா கார்னே, சென்சா பெஷே" என்றால் இறைச்சியும் மீனும் வேண்டாம் என்று பொருள்.

நீங்கள் மீன் சாப்பிடுபவரானால் சிங்குவே தெர்ரே ஊர்களில் ஒன்றான மொந்தெரோஸ்ஸோவின் நெத்திலியைத் தவறவிடாதீர்கள்.