ஆர்க்கோ விளக்கின் சலவைக்கல்லில் ஓட்டை

நீங்கள் வாங்கிய பழைய ஆர்க்கோ விளக்கின் அடிக்கல்லில் ஓட்டை இருக்கிறதே, யாராவது பிற்பாடு போட்டதா என்று கேட்டீர்கள். அந்த ஓட்டை யாரோ பிற்பாடு போட்டதில்லை. ஆர்க்கோ என்பது சலவைக்கல் அடியிலிருந்து எஃகுத் தண்டு வளைந்து வந்து விளக்கைத் தாங்கும் நிலைவிளக்கு; அதன் அடிக்கல்லில் ஓட்டை இருக்கத்தான் வேண்டும். 1962-ல் இத்தாலிய வடிவமைப்பாளர்களான காஸ்தில்யோனி சகோதரர்கள், அக்கில்லேயும் பியர் ஜாக்கோமோவும், வடிவமைத்தபோதே வைத்தது. கல் சுமார் 65 கிலோ. துடைப்பத்தின் நீளமான மரக் கைப்பிடியை ஓட்டையில் நுழைத்து ஆளுக்கொரு முனையாக இரண்டு பேர் தூக்கிவிடலாம். எவ்வளவு அழகான யோசனை!

ஓட்டையின் விளிம்பு சிதைந்திருக்கிறது என்கிறீர்கள். யாராவது இரும்புக் கம்பி விட்டுத் தூக்கியிருப்பார்கள், மரக்கட்டைதான் நல்லது.

அப்புறம், எஃகு வளைவை மெதுவாக நீட்டிப் பாருங்கள். அது மூன்று துண்டு. ஒன்றுக்குள் ஒன்று சறுக்கி, விட்ட இடத்தில் நிற்க வேண்டும்.

ஓட்டையை மட்டும் வைத்து அசல் என்று முடிவுகட்டாதீர்கள். நகல்களிலும் அது உண்டு.