பழைய டூ-இன்-ஒன்னுக்கு தின்னர் போடலாமா?

கேள்வி: அப்பாவோட பழைய டூ-இன்-ஒன் செட்டை (ரேடியோவும் கேசட் பிளேயரும் சேர்ந்தது) பரண்ல இருந்து எடுத்தேன். மேல பூரா பிசுக்கு, வால்யூமைத் திருப்பினா கரகரங்குது, கேசட் போட்டா சுத்தவே மாட்டேங்குது. தின்னர் போட்டு துடைக்கலாமா?

பதில்: தின்னர் பக்கமே போயிடாதீங்க, அசிட்டோனும் வேணாம், பிளாஸ்டிக்கை இளக்கிடும். ப்ளக்கைப் பிடுங்கிட்டு, பேட்டரியையும் எடுத்துட்டு, பாத்திரம் கழுவுற லிக்விட் ரெண்டு சொட்டு வெதுவெதுப்பான தண்ணியில கலந்து, துணியை நல்லா பிழிஞ்சு துடைங்க, பட்டன் இடுக்குக்கு பழைய டூத் பிரஷ் போதும். மேல அச்சடிச்ச எழுத்து இருக்கே, அதை அழுத்தித் தேய்க்காதீங்க, போனா வராது. ஸ்பீக்கர் பேப்பர்ல ஈரம் படவே கூடாது, உலர்ந்த பிரஷ்ஷால தூசி தட்டுங்க.

கேசட் சுத்தாததுக்கு பெரும்பாலும் ரப்பர் பெல்ட்தான் காரணம். பல வருஷம் சும்மா கிடந்தா அது தார் மாதிரி உருகி புல்லியில ஒட்டிக்கும், தொட்டா விரல் கருப்பாயிடும், இழுத்தா நூல் நூலா வரும். அதைப் பொறுமையா ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்ல நனைச்ச பட்ஸால ஒட்டு மிச்சமில்லாம எடுத்துட்டு, அதே அளவுல புது பெல்ட் மாட்டுங்க. கேசட் டேப் உரசிப் போற ஹெட்டையும் அதே ஆல்கஹால்ல துடைக்கலாம், பழுப்பா வரும், பட்ஸ் வெள்ளையா வர்ற வரைக்கும் விடாதீங்க.

கரகரப்புக்கு வால்யூம் கன்ட்ரோலுக்கு உள்ளே கான்டாக்ட் க்ளீனர் (எலக்ட்ரானிக் பாகங்களைச் சுத்தம் பண்ற ஸ்ப்ரே) கொஞ்சம் அடிச்சு இருபது முப்பது தடவை திருப்புங்க. நல்லா காஞ்சப்புறம் மட்டும் கரண்ட் கொடுங்க, முதல்ல போடுறதுக்கு அப்பாவோட நல்ல கேசட் வேணாம், போனாலும் பரவாயில்லைங்கிற ஒண்ணைப் போட்டுப் பாருங்க.